இருபத்து நான்கு அங்குலம்

குகநாதனின் கையை அளந்தது ஞானேஸ்வரிதான். சுவிஸின் ஓல்டன் நகரில், ரயில் பாதைக்குப் பின்பக்கம் இருக்கிற வீட்டின் மூன்றாம் மாடிக் குசினியில், கத்தரிக்காய்ப் பால்கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த நேரம். நவராத்திரி தொடங்கிவிட்டதால் வீட்டில் மச்ச மாமிசம் இல்லை. சட்டை தைக்கிற நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தவள், மனிசனைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னாள்.

“ரெண்டு கையையும் விரியுங்கோப்பா. தோட்டத்து வெருளி மாதிரி.”

“விரிக்கிறன், விரிக்கிறன்.”

“வில்லு வேண்டுறதுக்கு என்னத்துக்குக் கையை அளக்கோணும்?”

“சட்டை தைக்க உமக்கு உடம்பளவு வேணுமோ இல்லையோ? அதுபோலத்தான். ரெண்டு கையையும் விரிச்சு அளந்து, அதை ரெண்டரையால பிரிச்சா, நாணை எவ்வளவு தூரம் இழுப்பன் எண்டு வரும். அந்த இழுவைக்கு ஏத்த வில்லு எடுக்கோணும்.”

இடது கை நேராகச் சுவரில் போய்ப் படுத்தது. வலது கை மட்டும் விரல்களால் சுவரைப் பற்றிப் பற்றி, பல்லி ஏறுவதுபோல மெதுவாக மேலே வந்தது. ஞானேஸ்வரி அதைப் பார்த்தாள். என்னவோ கேட்க வாய் எடுத்தாள். அதற்குள் பால்கறி பொங்கிச் சட்டியின் விளிம்புக்கு வந்துவிட்டது. ஓடிப்போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை நாடாவைப் பிடித்தாள். அறுபத்தேழரை. போனில் கணக்குப் போட்டாள்.

“இருபத்தேழு இஞ்சி. எழுதி வையுங்கோ. என்ர அளவு பிழைக்காது.”

பெருமைக்குச் சொன்ன கதை இல்லை அது. பகலில் அவள் முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை. மிச்ச நேரத்தில் தையல். இருபது வருசமாக ஓல்டனில் மட்டுமில்லை, பூம்ப்ளிஸில் இருந்தும் சட்டைத்துணி வரும். கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கிறபோது கொண்டுவந்து கொடுத்தாலும், போட்டுப் பார்க்காமலே உடுத்துக்கொண்டு போகலாம். அக்குளில் பிடிக்காது, கழுத்தில் தூக்காது.

“பழைய வில்லுக்கு என்ன நடந்தது? நல்ல வடிவான வில்லெல்லே,” என்றாள்.

“அது நெட்டை வில்லு. அறுபத்தெட்டு இஞ்சி. நட்டமா நிண்டு விடுறதுக்குச் சரி. காட்டுக்குள்ள மறைவிடத்தில முழங்காலில இருந்து விடேக்க கீழ்ப்பக்கம் தட்டுப்படுது. போன வருசம் அதாலதானே அந்த மான்...”

அந்தக் கதையை அவர் எப்போதும் அந்த இடத்தில்தான் விடுவார்.

குகநாதன் வேட்டைக்குப் போகத் தொடங்கியது இரண்டு வருசத்துக்கு முன்னர். முப்பது வருசமாக லாகர் என்கிற சாமான் கிடங்கில் வேலை. அடுக்கு அடுக்காகப் பெட்டிகள் நிற்கிற, பந்து விளையாட்டு மைதானம் அளவு கட்டடம். ஷ்டாப்லர் என்கிற சுமைவண்டி ஓட்டுவார். கையில் இருக்கிற ஸ்கானர் ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு தரம் கீச்சிடும். அதே லாகரில் வேலை செய்து இளைப்பாறிய ஊர்ஸ் ஒருநாள் இவரைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு மறைவிடத்துக்குள் மூன்று மணித்தியாலம் சும்மா இருத்திவைத்தார். ஒரு மிருகமும் வரவில்லை. குகநாதன் வீட்டுக்கு வந்து, “ஞானம், காதுக்குள்ள ஒரு சத்தமும் இல்லையப்பா,” என்றார். அவ்வளவுதான். பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை.

சுவிஸில் வில்லால் வேட்டையாடச் சட்டம் விடாது. பாசல் தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்சின் அல்சாஸில் விடுவார்கள். ஊர்ஸும் கூட்டாளிகளும் அங்கே ஒரு காட்டைக் குத்தகைக்கு வைத்திருந்தார்கள். வேட்டை அனுமதிக்கான சோதனை பிரெஞ்சில். முதல் வந்து இறங்கி ஆறு வருசம் ஜெனீவாவில் கோப்பை கழுவிய புண்ணியத்தில் குகநாதனுக்கு அந்தப் பாஷை வரும். இரண்டாம் தரம் எழுதிப் பாஸ் பண்ணினார்.

இந்த இரண்டு வருசத்தில் அவர் மிருகத்தின்மேல் விட்டது ஒரே ஒரு அம்பு. போன கார்த்திகையில், மறியாட்டளவு இருக்கிற ‘றே’ மான் ஒன்றுக்கு. அம்பு பட்டது. மான் விழவில்லை. அம்போடு ஓடிப்போய்விட்டது. மோப்ப நாயோடு ஒரு கிழவர் வந்து எண்ணூறு மீற்றர் தேடினார். ஒரு வாய்க்காலோடு தடம் போய்விட்டது. அடுத்த நாள் வேலை முடிந்து குகநாதன் தனியாகப் போய், முள்ளுப் பற்றைக்குள் முழங்காலில் ஊர்ந்து தேடி, இரண்டு கையும் கீறுப்பட்டு வந்தார். “ஒண்டும் ஆப்பிடேல்லை,” என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

வேட்டைக் கூட்டத்தில் யாரும் அவரை ஏசவில்லை. ஆனால் ஒரு விதி போட்டார்கள். ஒவ்வொரு வருசமும் பருவம் தொடங்குகிறதுக்கு முதல் எல்லாரும் வந்து, பதினைந்து மீற்றரில் ஆறு அம்பு விடவேண்டும். குறைந்தது ஐந்து அம்பு சாப்பாட்டுக் கோப்பை அளவு வட்டத்துக்குள் இருக்கவேண்டும். அவரவர் முழு இழுவையில் வில்லின் பலம் நாற்பது றாத்தலுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் அம்பு உள்ளே போகாது, மிருகம் சாகாமல் வதைபடும். இந்த வருசம் அந்தச் சோதனை வந்த சனிக்கிழமை, நவராத்திரியின் ஒன்பதாம் நாள்.

வில் வாங்கப் போனது அதற்கு முந்திய சனி. யோகராஜாதான் காரோடினார். லாகரில் கூட வேலை செய்கிறவர், குகநாதனை விட எட்டு வயது இளமை, வாய் மூடாத ஆள்.

“குகண்ணை, ரெண்டு வருசமா மான் இறைச்சி, மான் இறைச்சி எண்டு சொல்லி எங்களை ஏமாத்திறியள். என்ர மனிசி மனோகரி மான் பிரட்டலுக்கெண்டு புதுச்சட்டி வேண்டி வைச்சவள். அதுக்குள்ள இப்ப வெங்காயம் கிடக்கு.”

“வெங்காயமும் நல்ல சாமான்தானே.”

“கடையில போய்த் துவக்கை எடுங்கோவன். டுப் எண்டு விட்டா முடிஞ்சுது.”

“துவக்குச் சத்தம் கேட்டது காணுமடா இந்தச் சென்மத்துக்கு.”

யோகராஜா கியரை மாற்றினார். மலை ஏற ஏற மூடுபனி கீழே நின்றுவிட்டது. மேலே நல்ல வெயில். மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் பழைய வைக்கோல் கொட்டில் ஒன்று. அதுதான் வில் செய்கிற றெகூலாவின் பட்டறை. ஐம்பது வயதிருக்கும். காதுக்குப் பின்னால் பென்சில், மூக்கு நுனியில் மரத்தூள்.

குகநாதன் விசயத்தை ஜெர்மனில் சொன்னார். மறைவிடத்துக்குள் இருந்து விடக்கூடிய கட்டை வில் வேண்டும், ஆனால் சக்கரமும் கம்பியும் பூட்டினது வேண்டாம், பழைய மாதிரி வளைகிற மரவில்தான் வேண்டும், தன் இழுவை இருபத்தேழு, மனிசி அளந்தவள் என்று. றெகூலா மூன்று வில்லை எடுத்து மேசையில் வைத்தாள். அறுபத்திரண்டு அங்குலம், அறுபது, ஐம்பத்தெட்டு. மூன்றும் ஒரே மரம்தான். உள்ளே மூங்கில் தகடு, வெளியே கண்ணாடியிழை, பிடிக்கு ஆட்டுத்தோல்.

“கட்டையா இருந்தா நல்லம் எண்டுதான் எல்லாரும் கேட்டு வருகினம்,” என்றாள். “ஆனா வில்லு கட்டையாகக் கட்டையாக, இழுக்கேக்க நாண் கூரா மடியும். உங்கட மூண்டு விரலையும் சேர்த்து நசிக்கும். நீட்டு இழுவைக்காரருக்குக் கட்டை வில்லுச் சரிவராது. கடைசி ரெண்டு இஞ்சியில கல்லு மாதிரி இறுகும். நீங்கள் இருபத்தேழு எண்டால், அறுபத்திரண்டுதான் நான் தருவன்.”

“அப்ப அதை எடுக்கிறன்.”

“இழுத்துப் பாருங்கோ முதல்.”

வெளியே வைக்கோல் கட்டுக்கு முன்னால் போய் நின்றார். அறுபத்திரண்டை எடுத்தார். மூச்சை இழுத்துப் பிடித்து, தலையை முன்னுக்குக் கொண்டுபோய், நாண் எங்கேயோ தாடைக்கு முன்னால் நிற்கிறபோதே அம்பை விட்டார். அம்பு பட்டது. றெகூலா அறுபதைக் கொடுத்தாள். அதுவும் அப்படித்தான். பிறகு அங்குலக் கோடு போட்ட நீட்டு அம்பு ஒன்றைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக இழுக்கச் சொன்னாள். விடவேண்டாம், கை எங்கே தானாக நிற்கிறதோ அங்கே நிற்கட்டும் என்றாள்.

கை இருபத்து நான்கில் நின்றது. மூன்று தரம் இழுத்தார். மூன்று தரமும் இருபத்து நான்கு. மூன்றாம் தரம் அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. காற்றுக் குளிராகத்தான் அடித்தது.

“வேலை செய்து களைச்சுப்போய் வந்தனான்,” என்றார் குகநாதன்.

“இண்டைக்கு எங்களுக்கு லீவெல்லே அண்ணை,” என்றார் யோகராஜா தமிழில்.

“நீ கொஞ்சம் வாயை மூடு.”

றெகூலா ஐம்பத்தெட்டைக் கொடுத்தாள். மூன்றிலும் அதுதான் சின்னன், பத்துப் பதினொரு வயதுப் பிள்ளையின் உயரம் இருக்கும். குகநாதன் இழுத்தார். இருபத்து நான்கில் அது இலேசாக வளைந்து நின்றது. நசிக்கவில்லை, உதறவில்லை. அம்பை விட்டபோது கைக்குள் அதிர்வே இல்லை. இன்னொன்று விட்டார். இன்னொன்று. அவரை ஒன்றும் கேட்காத வில் அது ஒன்றுதான் என்று பட்டது அவருக்கு.

“இதை எடுக்கிறன்.”

றெகூலா தராசில் கொழுவிப் பார்த்தாள். “இருபத்தேழுக்கு இழுத்தா இது நாற்பத்தைஞ்சு றாத்தல். நீங்கள் இழுக்கிற இருபத்து நாலுக்கு முப்பத்தாறு. இலக்குக்கு விட நல்ல வில்லு. வேட்டைக்கு முப்பத்தாறு காணாது. உங்களுக்குத் தெரியும்தானே?”

“பழகினா இருபத்தேழுக்கு வந்திடும். வில்லோட தாற துண்டில இருபத்தேழு எண்டு எழுதுங்கோவன்.”

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துணியால் துடைத்து, திரும்பப் போட்டாள்.

“நான் கண்டதைத்தான் எழுதுவன்,” என்றாள். “தோளைக் காட்டினீங்களோ ஆருக்கும்?”

குகநாதன் பிடியில் இருந்த ஆட்டுத்தோலைப் பெருவிரலால் தடவிக்கொண்டு நின்றார்.

திரும்பி வருகிற வழியில், காருக்குள், “அண்ணை, தோளில என்ன?” என்று கேட்டார் யோகராஜா.

“ஒண்டுமில்லை. ஞானத்துக்குக் கதைச்சுப்போடாத.”

“ஒண்டுமில்லாததை நான் என்னத்தையெண்டு கதைக்கிறது?”

வில்லைப் பார்த்து ஞானேஸ்வரி சிரித்தாள். “என்னப்பா, எங்கட வேணுகா சின்னனில கூத்துக்கு வைச்சிருந்த வில்லு மாதிரியெல்லே கிடக்கு.” ஆனாலும் புதுச்சாமான், வெறுமனே கிடக்கக்கூடாது. புதன்கிழமை பின்னேரம், ஊதா வெல்வெற் துணியில் அதற்கு ஒரு உறை தைக்க உட்கார்ந்தாள். நீளம் எடுக்க வில்லை மேசையில் வைத்து, கூட வந்த தோல்பையைத் திறந்தபோது, மடித்த துண்டு ஒன்று விழுந்தது. றெகூலாவின் கையெழுத்து, அச்செழுத்துப்போலத் தெளிவு. நீளம் 58. இழுவை 24. பலம் 36.

இருபத்து நாலு.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. வேறு ஆரோ தன் அளவைத் திருத்தினால் தையற்காரிக்கு வருகிற கோபம். நாடாவை எடுத்துத் தன் கையிலேயே அளந்து, நாடா நீளவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டாள். பிறகு ஊசியைத் துணியில் குத்திவிட்டு யோசித்தாள். கை இருபத்தேழு. இழுவை இருபத்து நாலு. அப்படியென்றால் மூன்று அங்குலம் எங்கே போனது?

சுவரில் பல்லிபோல ஏறின கை ஞாபகத்துக்கு வந்தது. அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக வந்தன. போன வருசத்திலிருந்து மனிசன் ரீசேட் போடுவதில்லை, பொத்தான் வைத்த சேட்டுத்தான். “வயசுபோன நேரம் என்ன ஸ்ரைல்” என்று பகிடி பண்ணியிருக்கிறாள். இருபது கிலோ அரிசி மூட்டையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வருகிறார், தோளில் போடுவதில்லை. இடப்பக்கம் மட்டும் திரும்பிப் படுக்கிறார். “என்ர முகத்தைப் பார்க்க விருப்பமில்லையோ” என்று அதையும் ஒருநாள் கேட்டிருக்கிறாள்.

துண்டை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். உறையைத் தைத்து முடித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சோதனைக்கு மூன்று நாள் மிச்சம் இருக்கிறது, தானாகச் சொல்லட்டும் என்று இருந்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சாமிப் படத்தட்டுக்கு முன்னால் வெள்ளைத்துணி விரித்துச் சரஸ்வதிக்கு அடுக்கினாள். தையல் மெசினைத் தூக்கிவைக்கச் சொல்லிக் குகநாதனைக் கேட்கவில்லை. தானே இழுத்துக்கொண்டு வந்தாள். கத்தரிக்கோல், நாடா, பேர்ணில் படிக்கிற மகள் வேணுகா விட்டுவிட்டுப்போன பழைய லப்டொப், குகநாதனின் வேலைக் கையுறை இரண்டும், ஷ்டாப்லர் ஓட்டுகிற அனுமதி அட்டையும். அவல், கடலை, வாழைப்பழம். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பூசைக்கு வைத்த ஆயுதத்தை விஜயதசமி விடியும்வரை ஒருவரும் தொடுவதில்லை. ஒருமுறை அவசரச் சட்டை ஒன்று தைக்கவென்று கோயில் தலைவரின் மனிசியே வந்து கேட்டும் ஞானேஸ்வரி மெசினை எடுக்கவில்லை.

குகநாதன் குளித்துவிட்டு வந்தார். உறையைக் கழற்றி, வில்லை எடுத்துக் கையுறைக்குப் பக்கத்தில் வைத்தார். அம்புகளையும் வைத்தார். சந்தனம் குழைத்து வில்லின் நடுவில் ஒரு பொட்டு வைத்தார், அதன்மேல் குங்குமம். எல்லாம் வலு ஆறுதலாக நடந்தது.

“நாளைக்கெல்லோ உங்களுக்குச் சோதினை,” என்றாள் ஞானேஸ்வரி.

“ஓம். இப்ப பூசைக்கு வைச்சாச்சு. இனி என்ன செய்யிறது, எடுக்கேலாதே.”

தேவாரம் படித்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். பிறகு அவர் பல்கணிக்குப் போய் ஊர்ஸுக்குப் போன் எடுத்தார். கதவு சாத்தியிருந்தாலும் கேட்டது. எங்கள் சமயத்தில் இப்படி ஒரு விரதம் இருக்கிறது, ஆயுதங்களைக் கடவுளுக்கு முன்னால் வைத்துவிட்டோம், ஞாயிறுவரை தொடமுடியாது, இந்த முறை சோதனைக்கு வரமுடியாது, மன்னிக்கவேண்டும் என்று சொன்னார். அந்தப் பக்கம் ஊர்ஸ் ஏதோ நல்லவிதமாகத்தான் சொல்லியிருக்கவேண்டும். “நன்றி, விளங்கிக்கொண்டதுக்கு நன்றி,” என்று இரண்டுதரம் சொன்னார் குகநாதன்.

உள்ளே வந்தபோது ஞானேஸ்வரி படத்தட்டுக்கு முன்னால் நின்றாள். அவளுடைய கையில் வில் இருந்தது.

“என்னப்பா செய்யிறீர்? வையும் அதை.”

“சாமி என்னோட கோவிச்சா நான் கதைச்சுக்கொள்ளுறன். இந்தாங்கோ. இழுங்கோ.”

“ஞானம்...”

“அம்பு வேண்டாம். சும்மா இழுத்து ஒருக்காக் காட்டுங்கோ.”

“பூசைச் சாமானை எடுத்தா என்ன வரும் எண்டு நீர்தானே ஊருக்கெல்லாம் சொல்லுவீர்.”

“நான் சொல்லுறதை விடுங்கோ. நீங்கள் ஊர்ஸுக்குச் சொன்னதைக் கேட்டனான். முப்பது வருசத்தில நீங்கள் ஒருநாளும் சரசுவதியைச் சாட்டி வேலைக்குப் போகாமல் விட்டதில்லை. இழுங்கோப்பா.”

அவர் வில்லை வாங்கினார். சந்தனப் பொட்டு விரலில் ஒட்டியது. இழுத்தார். ஞானேஸ்வரி அவருக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு விரலை அவருடைய வலது தோள் மூட்டின்மேல் வைத்தாள்; சட்டைக்குக் கை வெட்ட அளவு எடுக்கிறபோது வைக்கிற அதே இடம். உள்ளே ஏதோ தடக்கி, சறுக்கி, நின்றது. முழுத்தோளும் கோழிக்குஞ்சைப் பிடித்ததுபோலத் துடித்தது. நாண் தாடைக்கு முன்னால் மூன்று அங்குலத்தில் நின்றது.

“விடுங்கோ. மெல்லமா விடுங்கோ,” என்றாள். “எப்ப துவக்கம்?”

அவர் கதிரையில் இருந்தார். வில்லை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார்.

“போன வருசம் மாசி. மாபிள் பெட்டி அடுக்கு ஒண்டு சரிஞ்சது. கையால தாங்கினன். டக்கெண்டு ஒரு சத்தம். உள்ளுக்க.”

“ஒரு வருசத்துக்கு மேல. ஒரே கட்டிலில படுக்கிறன் நான்.”

“உமக்குச் சொன்னா டொக்டரிட்டை இழுத்துக்கொண்டு போவீர். டொக்டர் கிராங் எண்டு எழுதி வீட்டில இருத்துவார். எங்கட லாகர் நித்தியானந்தனுக்கு என்ன நடந்தது? முதுகெண்டு மூண்டு மாசம் கிராங் எழுதிக்கொண்டு நிண்டான். திரும்பி வர அவன்ர இடத்தில வேற ஆள். எனக்கு அம்பத்தாறு. இனி ஆர் எடுக்கப்போகினம்? ஷ்டாப்லர் ஓட்டலாம், இடக்கையாலதானே வளைக்கிறது. தூக்கிறதை வயித்தோட வைச்சுத் தூக்கிப் பழகீற்றன். ஒருத்தருக்கும் தெரியாது.”

“வில்லுக்குத் தெரிஞ்சிட்டுது.”

அவர் எழும்பினார். கீழே கெல்லர் என்கிற நிலவறைக்குப் போய், தன்னுடைய பழைய சப்பாத்துப் பெட்டியோடு மேலே வந்தார். பத்திரிகைத்தாளில் சுற்றின ஒன்றை விரித்தார். முறிந்த அம்பு. முனை இருந்த பக்கம், ஒரு முழம் இருக்கும்.

“அடுத்த நாள் தேடப் போய் எடுத்தனான். பத்தைக்குள்ள கிடந்தது. மான் தேய்ச்சு முறிச்சுக் கழட்டிப்போட்டுப் போயிருக்கு.” இரத்தம் காய்ந்து கறுத்த இடத்தில் நாலு விரலைச் சேர்த்து வைத்துக் காட்டினார். “இவ்வளவுதான் உள்ளுக்க போனது. வில்லு ஒண்டிலையும் தட்டுப்படேல்லை ஞானம். மறைவிடத்தில ஒரு பிழையும் இல்லை. நான் முழுசா இழுக்கேல்லை. இழுக்கேலாது எண்டு தெரிஞ்சுகொண்டுதான் விட்டனான். முழுசா இழுக்காமல் விட்டா இப்பிடித்தான் வரும் எண்டும் தெரியும். அது இந்தக் காயத்தோட ஓடித் திரிஞ்சிருக்கு. எத்தினை நாளெண்டு தெரியாது.”

ஞானேஸ்வரி அம்பைத் தொடவில்லை.

“கட்டை வில்லு எடுத்தா எல்லாரும் நம்புவினம் எண்டு நினைச்சீங்களோ?”

“நானே நம்பலாம் எண்டு நினைச்சன்.”

கடலைச் சுண்டலை ஒரு கிண்ணத்தில் போட்டு அவருக்கு முன்னால் வைத்தாள். “சாப்பிடுங்கோ. காலமை வெள்ளணப் போகோணும்.”

“எங்க?”

“காட்டுக்கு. அந்த ஊர்ஸ் மனிசன் உங்களை நம்பித்தானே இருக்குது.”

காலையில் ஆரே ஆறு முழுக்க மூடுபனி. பாசல் தாண்டும்வரை கார் விளக்கு பத்து மீற்றருக்கு மேல் போகவில்லை. ஞானேஸ்வரி மடியில் ஏலக்காய்த் தேத்தண்ணிப் போத்தலையும் சுண்டல் பெட்டியையும் வைத்திருந்தாள். பின் ஆசனத்தில் ஊதா உறைக்குள் வில். பக்கத்தில் பத்திரிகைத்தாளில் சுற்றின அம்பு.

காட்டோரத்தில் ஐந்தாறு பேர் நின்றார்கள். எழுபது வயது ஊர்ஸ், பச்சைத் தொப்பி, வெள்ளைத் தாடி. குகநாதனைக் கண்டதும் முகம் மலர்ந்து, கடவுள் விட்டுவிட்டாரா என்று கேட்டார். குகநாதன் தள்ளிவரச் சொல்லித் தாளை விரித்தார். எல்லாவற்றையும் சொன்னார். கனக்கச் சொல்ல இருக்கவில்லை. ஜெர்மனில் ஏழெட்டு வசனம்.

ஊர்ஸ் அம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு விரலை வைத்து அளந்தார்.

“தோளில பட்டிருக்கும்,” என்றார். “உள்ளுறுப்பில பட்டிருந்தா இரத்தத்தின்ர நிறம் வேற. சிலது மாறி எழும்பும். சிலது எழும்பாது.” பிறகு கொஞ்சம் பொறுத்து, “வில்லு தட்டுப்பட்டது எண்ட உன்ர கதையை நம்பி மூண்டு மறைவிடத்தையும் உடைச்சுக் கட்டினன். இந்தக் கோடை முழுக்க. என்ர முழங்காலோட,” என்றார்.

“தெரியும்.”

“இந்த வருசம் உனக்கு வில்லு இல்லை.”

“தெரியும், ஊர்ஸ்.”

ஊர்ஸ் மற்றவர்களிடம் போய்விட்டார். அம்புகள் வைக்கோலில் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தன. குகநாதன் காரில் சாய்ந்துகொண்டு நின்றார். ஞானேஸ்வரி என்ன செய்வதென்று தெரியாமல் சுண்டலைக் கடதாசிக் கோப்பைகளில் போட்டு ஒவ்வொருவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்ட கடலை. ஊர்ஸுக்குக் கொடுத்தபோது அவர் வாங்கி, நின்றபடியே முழுக்கச் சாப்பிட்டார். கண் கலங்கியது, உறைப்புத்தான். வெறும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குகநாதனிடம் வந்தார்.

“நாய் வைச்சிருக்கிற கிழவருக்கு இந்த வருசம் கண் தெரியேல்லை. தடம் பாக்க ஒரு ஆள் வேணும். நாயின்ர கயிறை இடக்கையாலயும் பிடிக்கலாம்.” கோப்பையை ஞானேஸ்வரியிடம் திருப்பிக் கொடுத்தார். “எல்லாரும் கைவிட்ட பிறகும் அடுத்த நாள் நீதான் தனியத் தேடினாய். அதையும் நீ அப்ப சொல்லேல்லை.”

குகநாதன் தலையாட்டினார்.

வீட்டுக்கு வரும்போது வெயில் ஏறியிருந்தது. ஞானேஸ்வரி வில்லை உறையிலிருந்து எடுத்து, அழிந்துபோன பொட்டைப் புதிதாக வைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். முறிந்த அம்பையும் பக்கத்தில் வைக்கலாமா என்று குகநாதன் கேட்டார். அவள் யோசித்துவிட்டு, வையுங்கோ என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விஜயதசமி. விடியவே முழுகி, விளக்கேற்றி, பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். தையல் மெசினை யோகராஜா வந்து தூக்கிக் கொடுத்தார். அவரை வரச்சொல்லித் தானே போன் பண்ணியிருந்தாள். “அக்கா, நான் ஒண்டும் கதைக்கேல்லை, சத்தியமா,” என்றார் வந்ததும் வராததுமாக. “அதுதான் உங்களோட கோவம்,” என்றாள் அவள். கத்தரிக்கோலை எடுத்தாள், நாடாவை எடுத்தாள். வேணுகாவின் லப்டொப்பைத் துடைத்து வைத்தாள். டொக்டரின் நம்பரை எழுதின கடதாசி நாடாவோடு கிடந்தது. திங்கள் காலை எட்டரை என்று நேரமும் எழுதியிருந்தாள்.

குகநாதன் வந்து குனிந்து, வில்லை எடுத்தார். பிறகு பழக்கத்தில், வேலைக் கையுறைகளுக்காக இடக்கையை நீட்டினார்.

“அது கிடக்கட்டும்,” என்றாள் ஞானேஸ்வரி. “அதுக்கு இன்னும் விடியேல்லை.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். வெள்ளைத்துணியில் சந்தனப் பொட்டோடு கையுறை இரண்டும் விரல் விரித்தபடி கிடந்தன. அவள் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பிட்டுக்கு மா குழைக்கக் குசினிக்குள் போனாள்.